ஒன்பது பேர் ஷெட்டில் ஒரு மசோதா

பிரஸ் ஷெட்டில் சத்தம் நின்றால் இரண்டே காரணம்தான். கரன்ட் போயிருக்கும். இல்லை, யாருக்காவது கை போயிருக்கும்.

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம், சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் இறங்கி, வாடகை சைக்கிள் எடுத்து, ஒரகடம் ரோட்டில் மிதித்துப் போய் அந்த ஷெட்டின் வாசலில் நின்றேன். உள்ளே சத்தமே இல்லை. ஆனால் பல்பு எரிந்துகொண்டிருந்தது. அப்படியென்றால் கரன்ட் இருக்கிறது... சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினேன்.

நல்ல வேளை. எல்லோர் கையும் அவரவரிடமே இருந்தது. எட்டு பிரஸ்ஸும் நின்றிருந்தன. முதல் பிரஸ்ஸின் முன்னால் முதலாளி தணிகாசலம், கையில் பெரிய ஸ்பானர். அவருக்கும் பிரஸ்ஸுக்கும் நடுவே ஸ்டெல்லா. அவள் கையில் பிளாஸ்டிக் கவர் போட்ட ஒரு மெல்லிய புத்தகம்.

அந்தப் புத்தகத்தை உங்களுக்குத் தெரியும். பொங்கல் சமயத்தில் இதே பக்கத்தில் தலைகால் புரியாமல் எழுதியிருந்தேனே — ‘இடது கையால் எழுதிய ஒரு மனு இந்தியாவின் சட்டமாகிவிட்டது’ என்று?

தப்பு. ஆகவில்லை.

வக்கீலாக இருக்கும் வாசகர் ஒருவர் போன மாதம் கார்டு போட்டிருந்தார். ‘ஐயா, நீங்கள் சொன்னது மசோதா. மசோதா வேறு, சட்டம் வேறு. அது போகட்டும், மார்ச்சில் மக்களவையைக் கலைத்தார்களே, அங்கே நிலுவையில் இருந்த மசோதாக்கள் எல்லாம் அதோடு காலாவதி. எட்டாம் வகுப்போடு நின்றவர் என்று நீங்களே சொல்லிக்கொள்கிறீர்கள். சரி, விசாரித்துவிட்டாவது எழுதக் கூடாதா?’

கூடும். நான் விசாரிக்கவில்லை. மன்னியுங்கள். அந்தக் கெட்ட செய்தியை ஸ்டெல்லாவிடம் நேரில் சொல்லத்தான் அன்றைக்குப் போனேன். எனக்கு முன்னால் அது முதலாளிக்கே போய்ச் சேர்ந்திருந்தது.

மே மாதக் குண்டுவெடிப்புக்குப் பிறகு ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் என்றாலே எல்லோரும் என்னிடம் ஒன்றைத்தான் கேட்கிறார்கள். அதை எழுத எனக்குத் தகுதி இல்லை. இது அந்தப் பக்கத்துச் சின்னக் கதை. ஒரு இரும்புக் கூண்டின் கதை.

புதிதாகப் படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் பழசு. இங்கே பிரஸ் என்றால் அச்சகம் இல்லை. தகட்டை வைத்துப் பெடலை மிதித்தால், மேலேயிருந்து இரும்பு இடி மாதிரி இறங்கி, வாஷரோ கிளாம்போ வெட்டித் தள்ளும் மிஷின். தகடு இருக்கிற இடத்தில் விரல் இருந்தாலும் அதற்கு வித்தியாசம் தெரியாது.

எனக்கு ஒரு ஊரில் கால் தங்காது என்பது உங்களுக்குத் தெரிந்த விஷயம். அந்த ஷெட்டில் ஏழு மாதம் தங்கியதே அதிகம். அங்கேதான் ஒரு வித்தையைப் பார்த்தேன். மோட்டார் ஓடுகிற இடத்தில் பத்துப் பேர் வேலை செய்தால்தான் அது சட்டப்படி ஃபேக்டரி. அப்போதுதான் மிஷினுக்குக் காப்பு எங்கே, கதவு எங்கே என்று ஆள் வந்து கேட்பார்கள். ஒன்பது பேர் என்றால் கேள்வி இல்லை.

தணிகாசலம் என்ன செய்தார்? ஒரே ஷெட். உள்ளே இரண்டு ஹார்ட்போர்டு தடுப்பு. மூன்று வாசல், மூன்று போர்டு — ஒன்று அவர் பெயரில், ஒன்று சம்சாரம் பெயரில், ஒன்று மச்சான் பெயரில். போர்டுக்கு ஒன்பது ஆள். கரன்ட் மீட்டர்கூட மூன்று. தண்ணீர்ப் பானை மட்டும் ஒன்று. வெளியே ஜீப் சத்தம் கேட்டால், தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பவன் டம்ளரைப் போட்டுவிட்டுத் தன் போர்டுக்கு ஓடவேண்டும். நானும் ஓடியிருக்கிறேன்.

ஸ்டெல்லா எனக்குப் பக்கத்து பிரஸ். ஒருநாள் தகடு கோணலாக உட்கார்ந்தது. சரிசெய்ய விரலை விட்டாள். கால் பெடலில் இருந்தது. வலது கையில் இரண்டு விரல். என் துண்டில் சுற்றி, செங்கல் லாரியில் ஏற்றி, செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மறுநாள் காலை அதே பிரஸ்ஸில் பாபு என்று ஒருவன் உட்கார்ந்தான். அவளுக்கு, கை ஆறியதும், பீஸ் சரிபார்க்கிற வேலை கொடுத்தார் முதலாளி. அவ்வளவுதான் நடந்தது. கொஞ்ச நாளில் நான் வேறு ஊருக்குப் போய்விட்டேன்.

அவள் போகவில்லை. அவர்கள் ஊர் சர்ச் ஸ்கூல் விழாவுக்கு ஒரு எம்.பி. வந்திருந்தார். ஸ்டெல்லா நேரே போய் அவரிடம் கையைக் காட்டினாள். ‘எழுதிக் குடும்மா’ என்றார், எல்லோரிடமும் சொல்கிற மாதிரி. இவள் நிஜமாகவே எழுதிக் கொடுத்துவிட்டாள். இடது கையால். அதில் ஒரு வரி — ‘பத்துப் பேர் இருந்தால்தான் சட்டமாம். ஒன்பது பேருக்கு விரல் முளைக்கவில்லையா?’

அவரும் நிஜமாகவே படித்துவிட்டார்!

மந்திரியாக இல்லாத சாதாரண உறுப்பினர்கூட மசோதா கொண்டுவரலாமாம். வெள்ளிக்கிழமைகளில் அதற்கென்றே நேரம் ஒதுக்கியிருக்கிறார்களாம். போன வருஷக் கடைசியில் அவர் கொண்டுவந்தார். பொங்கலுக்கு முன்னால் அச்சடித்த பிரதி ஒன்று ஸ்டெல்லா வீட்டுக்கு வந்தது, கூடவே சிங்கத்தலை போட்ட கடிதத்தாளில் நாலு வரி. ‘ஒரே ஒரு பிரஸ் இருந்தாலும், ஒரே ஒருவர் வேலை செய்தாலும், கை உள்ளே போகாதபடி காப்பு வேண்டும்.’ மீறினால் ஜெயில். கடைசிப் பக்கத்தில் மசோதாவுக்கான காரணம். சர்ச் சிஸ்டர் அதைத் தமிழில் சொல்லச் சொல்ல, ஸ்டெல்லா புத்தகத்தைப் பிடுங்கி அந்த வரியைத் தடவிப் பார்த்தாளாம் — அவள் கேட்ட அந்தக் கேள்வி, ஒன்பது பேரின் விரல், அங்கே இங்கிலீஷில் அச்சாகியிருந்தது.

மசோதாவை முதல் நாளே சட்டம் மாதிரிதான் எழுதுகிறார்கள். ‘நாடாளுமன்றம் இயற்றுவதாவது’ என்று ஆரம்பம். பிரிவு ஒன்று, பிரிவு இரண்டு, தண்டனை. உச்சியில் மட்டும் ‘அறிமுகம் செய்யப்பட்டபடி’ என்று ஒரு வரி. அதையெல்லாம் யார் பார்த்தார்கள்? ஸ்டெல்லா பார்க்கவில்லை. அவள் போட்ட கார்டைப் படித்துக் குதித்த நானும் பார்க்கவில்லை. ஸ்டெல்லா கொண்டுபோய் நீட்டியதும் முதலாளி ஜெயில் என்ற வார்த்தையைப் பார்த்தார்... பத்தே நாளில் எட்டு பிரஸ்ஸுக்கும் கம்பிக் கூண்டு வந்துவிட்டது. பெடலை மிதித்தால் முதலில் கூண்டு இறங்கும். கை நடுவில் இருந்தால் கூண்டு நிற்கும், மிஷினும் நிற்கும்.

எட்டு மாதமாக அந்த ஷெட்டில் ஒரு விரலும் போகவில்லை.

இனி செவ்வாய்க்கிழமை.

“என் ஆடிட்டர் சிரிக்கிறாருமா!” தணிகாசலம் ஸ்பானரை ஆட்டினார். “பில்லுக்கும் ஆக்ட்டுக்கும் வித்தியாசம் தெரியாத ஆளு நீங்கதான்யாங்கறாரு. அந்த சபையவே கலைச்சி, எலக்‌ஷன் நடந்து, வேற சபையே வந்தாச்சி. செத்துப்போன பேப்பர வெச்சிகினு என்ன ஏமாத்திகினு கீற!”

“ஏமாத்தல சார். மொதல்ல எனக்கும் தெரியாது.”

“அப்புறம்?”

“மார்ச் மாசம் தெரிஞ்சிது. ரேடியோல கலைச்சிட்டாங்கன்னு சொன்னாங்கோ. நம்ம சட்டம் இன்னா ஆவும்னு செங்கல்பட்டு லைப்ரரில போய் பாத்தேன். அப்பதான் இது சட்டமே இல்லன்னு தெரிஞ்சிது.”

“ஆறு மாசமா தெரிஞ்சிகினே சும்மா இருந்தியா?”

“நீங்க கேக்கல சார்.”

யாரோ சிரித்துவிட்டார்கள். முதலாளி திரும்பிப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

“அப்புறம்... அது சாவல சார்,” என்றாள் ஸ்டெல்லா. “செத்தது கீழ்சபைல இருந்த பில்லுங்க. நம்ம எம்.பி. மேல்சபை. அங்க கொண்டாந்தது, கீழ்சபைக்கு இன்னும் போவாதது, அப்பிடியே உசுரோட கீதாம். நா அவருக்கே எழுதிக் கேட்டேன். பதில் வந்துகீது.”

“மேல்சபையா? அத்ததான் நம்மூர்ல மூடிட்டாங்களே!”

“அது மெட்ராஸ் சார். இது டெல்லி. இத்த கலைக்கவே முடியாதாம்.”

வாசகர் வக்கீலின் கார்டு என் சட்டைப் பையில் இருந்தது. அதை வெளியே எடுக்கவில்லை. எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. நான் எந்த வீட்டிலும் இரண்டு வருஷம் சேர்ந்தாற்போல் இருந்ததில்லை. கலையாத ஒரு சபையா? ஆட்கள் போவார்கள், புது ஆட்கள் வருவார்கள், சபை மட்டும் நின்றுகொண்டே இருக்குமா? அதற்குள் எங்கோ ஒரு காகிதக் கட்டுக்குள் இவளுடைய வரி உயிரோடு இருக்கிறதா?

முதலாளி கொஞ்சம் இறங்கினார். “சரி, உசுரோட கீது. எப்ப சட்டமாவும்?”

ஸ்டெல்லா புத்தகத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு விரல் விட்டு எண்ண ஆரம்பித்தாள். “அறிமுகம் — ஆச்சி. அப்புறம் எந்த மசோதாவ மொதல்ல எடுக்கறதுன்னு சீட்டுக் குலுக்கறாங்க. பேர் வந்தா விவாதம். வேணும்னா ஒரு கமிட்டிக்கு அனுப்புவாங்க. திரும்பி வந்தா ஒவ்வொரு பிரிவா எடுத்து, திருத்தம் இருந்தா திருத்தி, ஓட்டு. அப்பால முழுசுக்கும் ஒரு ஓட்டு. அதோட கீழ்சபைக்குப் போவணும் — அங்க எல்லாம் மொதல்லேர்ந்து. அப்புறம் ஜனாதிபதி கையெழுத்து...” நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள். “அண்ணே, கையக் குடுங்க. எனக்கு வெரல் பத்தல.”

நீட்டினேன். என் விரலை மடக்கினாள். “கெஜட்டு.” இன்னொன்று. “அப்பவும் முடியாது. எந்தத் தேதிலேர்ந்துன்னு தனியா சொல்லணும். சொன்னாத்தான் சட்டம்.”

என் கை அப்படியே நின்றது. ஒரு வரி. ‘கை உள்ளே போகாதபடி காப்பு வேண்டும்.’ அது இத்தனை வாசல் ஏறி இறங்க வேண்டுமா? ஒவ்வொரு வாசலிலும் ஒருவன் நிறுத்தி, ‘இது எதற்கு? யாருக்கு? இந்த வார்த்தை ஏன்?’ என்று கேட்பானா? மலைப்பாக இருந்தது. எரிச்சல் வரவேண்டும். வரவில்லை. என் வாழ்க்கையில் என்னைப் பற்றிய எந்த முடிவையும் யாரும் இரண்டு முறை யோசித்ததில்லை. ‘நாளைலேர்ந்து வராத’ — ஒரே வாசிப்பு, உடனே அமல். முன்பின் தெரியாத ஒன்பது பேரின் விரலுக்காக இரண்டு சபை, பிரிவு பிரிவாக உட்கார்ந்து பேசும் என்றால்... அது சின்ன விஷயமா?

“பாஸாவுமா?” முதலாளி கேட்டார்.

“கஷ்டம் சார். தனி உறுப்பினர் கொண்டார்ற மசோதா பாஸாயி ரொம்ப வருசமாச்சாம். அவரே எழுதிகீறாரு.”

பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

“அப்ப டெல்லில ஒருத்தன் கை தூக்கல. நா எதுக்கு அடங்கணும்? இங்க மட்டும் யாருக்கு வேணும் இந்தக் கூண்டு? கேட்டுப் பாரு. பீஸு கொறையுதுன்னு இவனுங்களே கம்பி போட்டுக் கட்டி வெக்கிறானுங்க!”

அது உண்மை. கூண்டு ஏறி இறங்க ஒரு நொடி. நாள் முழுக்கச் சேர்த்தால் டார்கெட் விழும். அதனால் ஸ்டெல்லா அந்தப் பக்கம் திரும்பியதும் கூண்டைக் கட்டுக்கம்பியால் தூக்கிக் கட்டிவிட்டு ஓட்டுவார்கள். கையைக் காப்பாற்ற வந்ததைக் கையாலேயே கட்டிவைக்கிற புத்திசாலிகள் நாங்கள்.

ஸ்டெல்லா புத்தகத்தைக் கக்கத்திலிருந்து எடுத்தாள். “இங்க ஓட்டு போட்லாமா சார்?”

“போடு!” தணிகாசலத்துக்குச் சந்தேகமே இல்லை. “வாணாம்னு வந்தா இப்பவே எட்டையும் கழட்டுவேன்.”

“வேணும்னு வந்தா?”

“வரட்டும், பாக்கலாம்.”

மூன்று போர்டு ஆட்களும் நடு அறைக்கு வந்தார்கள். ஸ்டெல்லா ஒரு டிரம்மைக் கவிழ்த்து அதன்மேல் புத்தகத்தை வைத்தாள். காப்புப் பிரிவைப் படித்தாள். “இது அறிமுகம். இப்ப விவாதம்.”

பாபு — ஸ்டெல்லாவின் பழைய பிரஸ்ஸில் உட்கார்ந்திருப்பவன் — கழுத்தைச் சொறிந்தான். “அக்கா, கூண்டு இருந்தா நல்லதுதான். ஆனா டார்கெட் இன்னா கூண்டுக்கு முன்னாடி போட்டதுதானே? ரெண்டும் வேணும்னா எப்பிடி? டார்கெட்ட கொறச்சா நா ஏன் கம்பி கட்டப்போறேன்?”

“அப்ப நீதான் கட்டறியா?” என்றார் முதலாளி.

“பொதுவா சொன்னேன் சார்.”

ஷெட்டே சிரித்தது. ஸ்டெல்லா சிரிக்கவில்லை. “பாபு திருத்தம் கொண்டாந்துகீறாரு. கூண்டோட எவ்ளோ ஓடுமோ அதான் டார்கெட். வேற திருத்தம்?”

“இன்னாம்மா இது, நா ஒத்துக்கவே இல்ல...” என்று ஆரம்பித்தார் முதலாளி.

“உங்களுக்கு அப்பறம் இடம் கீது சார். இது சபை.”

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. சத்தியமாக. எண்ணெய்க் கறை பிடித்த ஷெட்டில், எட்டு விரலோடு ஒருத்தி ‘இது சபை’ என்கிறாள். முதலாளி வாயை மூடிக்கொள்கிறார்.

திருத்தம் நிறைவேறியது. அடுத்து, கூண்டைக் கம்பியால் கட்டுகிறவனுக்கு என்ன தண்டனை? ஒரு வாரம் எல்லோருக்கும் பானையில் தண்ணீர் நிரப்ப வேண்டும் என்று பின்னாலிருந்து ஒரு குரல். அதுவும் சேர்ந்தது. பிறகு முழு மசோதா.

“வேணும்ங்கறவங்க ஆம் சொல்லுங்க.”

“ஆம்...” கொஞ்சம் பயந்த குரல்தான்.

“வாணாம்ங்கறவங்க?”

“இல்லை!” ஏழெட்டுக் குரல். எல்லாம் டார்கெட்டைத் தாண்டி ஓட்டிக் கூடுதல் காசு பார்க்கிற வேகக்காரர்கள். அவர்களோடு முதலாளியின் குரலும்.

“ஆம் என்பவர்களே அதிகம்,” என்றாள்.

“எனக்கு அப்பிடிக் கேக்கல!”

“சந்தேகம்னா எண்ணணும் சார். அதுவும் முறைல கீது. வேணும்ங்கறவங்க இந்த ரூம்ல நில்லுங்க. வாணாம்ங்கறவங்க தடுப்புக்கு அந்தாண்ட போங்க.”

அப்போதுதான் நடந்தது. ஏழு பேர் தடுப்புக்கு அந்தப் பக்கம் போனார்கள். மீதிப் பேர் ஒரே அறையில், தோளோடு தோள். மூன்று போர்டும் கலந்து. பத்தொன்பது! அந்த ஷெட் கட்டிய நாளிலிருந்து அதில் ஒன்பதுக்கு மேல் யாரும் சேர்த்து எண்ணியதில்லை. ஸ்டெல்லா ஒவ்வொருவராகத் தொட்டு, சத்தமாக எண்ணினாள். எட்டு, ஒன்பது, பத்து...

பத்து என்றதும் தணிகாசலத்தின் முகம் வெளுத்தது. வாசலை எட்டிப் பார்த்தார். “யோவ், எல்லாரும் ஒரே எடத்துல நிக்காதீங்கய்யா! எவனாவது பாத்து தொலைக்கப்போறான்! அவங்கவங்க போர்டுக்குப் போங்கய்யா!”

ஒருவரும் நகரவில்லை. ஸ்டெல்லா எண்ணி முடித்தாள். “ஆம் பத்தொன்பது. இல்லை ஏழு. சபைத் தலைவரா உக்காந்ததால எனக்கு ஓட்டு இல்ல. மசோதா நிறைவேறிச்சி.”

“எனக்கு ஓட்டு இல்லியா?”

“நீங்க ஜனாதிபதி சார். கையெழுத்துதான்.” ஜாப் கார்டின் பின்பக்கத்தில் இடது கையால் எழுதி நீட்டினாள். காப்பு. டார்கெட். தண்ணீர்ப் பானை.

“போட முடியாது. திருப்பி அனுப்பறேன்.”

“அனுப்பலாம் சார். ஒரு தபாதான். இதே சபை மறுபடி ஓட்டு போட்டு அனுப்பிச்சா கையெழுத்து போட்டே ஆவணும்.” திரும்பினாள். “மறுபடி ஓட்டு போட்லாமா?”

“போட்லாம் அக்கா!” என்றான் பாபு. “மறுபடியும் எல்லாரும் இதே ரூம்லதானே நிக்கணும்?”

தணிகாசலம் கார்டைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். சும்மா சொல்லக்கூடாது, மனுஷன் மூன்று போர்டு வைத்துப் பிழைத்தவர்.

“எத்தினி நாளுக்குள்ள போடணும்னு எழுதிகீதா?”

ஸ்டெல்லாவுக்கு முதல் முறையாகத் தயக்கம். எதையும் மறைக்கத் தெரியாதவள். “இல்ல சார்... ஜனாதிபதிக்கு இத்தினி நாள்னு எங்கியும் சொல்லல.”

“கையெழுத்து போடாத வரைக்கும்?”

“நிறைவேறலன்னும் சொல்ல முடியாது. நிறைவேறிச்சின்னும் சொல்ல முடியாது. அப்பிடியே இருக்கும்.”

“அப்ப யோசிச்சி சொல்றேன்,” என்றார். கார்டை மடித்துப் பையில் வைத்தார். “போங்கய்யா, மிஷின ஓட்டுங்க!”

ஸ்பானரோடு தன் அறைக்குப் போய்விட்டார். அவர் ஜெயித்துவிட்டதாகத்தான் நினைக்கிறார் என்று அவர் நடையிலேயே தெரிந்தது. எட்டு பிரஸ்ஸும் திரும்ப ஓட ஆரம்பித்தன. கூண்டு இறங்கியது, இரும்பு இறங்கியது, கூண்டு ஏறியது.

அந்த நாடாளுமன்றத்தை உண்டாக்கியவர்கள் சம்மதம், மறுப்பு இரண்டுக்கும் நடுவே ஒரு காலி இடத்தை ஏன் விட்டுவைத்தார்கள் என்று நான் வழியெல்லாம் யோசித்துக்கொண்டே மிதித்தேன். விடை கிடைக்கவில்லை. ஆனால் அவர் யோசித்து முடிக்கும்வரை கூண்டில் ஸ்பானர் வைக்க முடியாது; அந்தக் காலி இடத்தில் இப்போது இருநூற்றுச் சொச்சம் விரல்கள் பத்திரமாக இருக்கின்றன.

நேற்று ஸ்டெல்லாவின் கார்டு வந்தது. இரண்டே வரி. ‘முதலாளி இன்னும் யோசிக்கிறார். பாபு இந்த வாரம் பானை நிரப்புகிறான்.’

ஆண்டவா, அந்த மனுஷர் அவசரப்படாமல் யோசிக்கட்டும்!